நான்கில் மூன்று வென்றால் பத்து லட்சம்: மும்முடிப் பரிசு திரும்ப வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் இண்டிகார் கார்ப் பந்தயத் தொடரைப் பற்றி வந்த கட்டுரை, ஒரே ஆண்டில் மூன்று பெரிய பந்தயங்களையும் வெல்பவருக்கென்று 2013இல் அறிவிக்கப்பட்ட பத்து லட்சம் டாலர் மும்முடிப் பரிசை ‘எவரும் வெல்லாமல் மறைந்துபோன விளம்பர உத்தி’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. எவரும் வெல்லவில்லை என்பது உண்மை. விளம்பரத்துக்காகத்தான் அறிவித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அது ஒழிந்ததே நல்லது என்ற தொனி எனக்கு உறுத்தியது. அந்தப் பரிசின் முதல் ஆண்டில் போகோனோ பந்தயத்தை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மும்முடி என்பது அந்தப் பரிசின் விளம்பரதாரரான வோட்கா நிறுவனம் 2013இல் கண்டுபிடித்த சொல் அல்ல. 1970இல் கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ தடம் திறந்தது. 1971இல் பென்சில்வேனியாவின் போகோனோவும் சேர்ந்துகொண்டது. இண்டியானாபொலிஸையும் சேர்த்து மூன்று இடங்களில், ஒவ்வொன்றும் 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர். ஒரே ஆண்டில் மூன்றையும் வென்றவர் ஒருவர்தான். 1978இல் அல் அன்சர். மே மாதம் இண்டியானாபொலிஸ், ஜூனில் போகோனோ, செப்டம்பரில் ஒன்டாரியோ. இண்டியானாபொலிஸில் கடைசி முறை எரிபொருள் நிரப்ப உள்ளே வந்தபோது ஒரு டயர் மீது மோதி, காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் முன் இறக்கையைச் சேதப்படுத்திக்கொண்டு, அதே காரோடு எஞ்சிய சுற்றுகளை ஓட்டி முடித்தார். எட்டு விநாடி பின்னால் இரண்டாவதாக வந்தவர் டாம் ஸ்னீவா. அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் யாருக்குப் போனது தெரியுமா? ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் பெறாத அதே ஸ்னீவாவுக்கு! புள்ளிக் கணக்கில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் மூன்று மலைகளையும் ஏறியவனுக்குப் புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம்தான் என்றால், அவனுக்கென்று தனியாக ஒரு மகுடம் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒன்டாரியோ 1980இல் மூடப்பட்டது. மிச்சிகன் சில காலம் அந்த இடத்தை நிரப்பியது. 1989க்குப் பிறகு போகோனோவும் இண்டி கார்களைக் கைவிட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல் போகோனோ திரும்பி வந்தபோதுதான் இந்தப் பரிசு அறிவிக்கப்பட்டது. இண்டியானாபொலிஸ், போகோனோ, கலிஃபோர்னியாவின் ஃபொன்டானா, மூன்றையும் வென்றால் பத்து லட்சம் டாலர். இரண்டை வென்றால் இரண்டரை லட்சம்.

போகோனோ என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்த ஜூலை 7 அன்று, சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமனாரையும் அழைத்துப் போனேன். இளவயதில் சோழவரம் பந்தயங்களைப் பார்த்தவர். முக்கோண வடிவத் தடத்தைக் கண்டதுமே அவருக்குப் பிடித்துவிட்டது. அதன் மூன்று திருப்பங்களும் மூன்று வேறு தடங்களின் சாயலில் அமைந்தவை. முதலாவது டிரென்டன், இரண்டாவது இண்டியானாபொலிஸ், மூன்றாவது மில்வாக்கி. ஓட்டுநர்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: 11ஆம் எண் காரில் இருப்பவர் டோனி கனான், பிரேசில்காரர், ஆறு வாரத்துக்கு முன் இண்டியானாபொலிஸில் வென்றவர், இங்கேயும் ஃபொன்டானாவிலும் வென்றுவிட்டால் பத்து லட்சம் டாலர்.

அதன் பிறகு அவர் வேறு எந்தக் காரையும் பார்க்கவில்லை. கனான் முன்னிலைக்கு வந்தபோது எழுந்து நின்றுவிட்டார். ஸ்காட் டிக்சனின் காரோடு உரசி கனானின் முன் இறக்கை உடைந்ததும், “மாப்பிள்ளை, பணம் போயிற்றா?” என்றார். “போயிற்று மாமா” என்றேன். உட்கார்ந்துவிட்டார். டிக்சன் வென்றார், சிப் கனாசி அணியின் கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அருமையான பந்தயம்தான். ஆனால் எங்கள் வரிசையில் பலருடைய பேச்சு அந்த இறக்கையோடு நின்றுபோயிருந்தது.

ஒரு பரிசு வேலை செய்கிறது என்பதற்கு அந்த அரை மணி நேரத்தைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. சுற்றுக்குச் சுற்று ஒரே காரைத் தேடும்படி ஒரு புது ரசிகரை அது பிடித்து வைத்தது. பழுது அதன் விதியில்தான் இருந்தது. மே கடைசியில் பிறந்த பத்து லட்சம் ஜூலை முதல் வாரத்தில் இறந்துவிட்டது. இரண்டாவது பந்தயத்தில் வேறொருவர் வென்றுவிட்டால் மூன்றாவது பந்தயத்தில் பெரிய பரிசுக்கு உயிர் இல்லை. ஃபொன்டானாவில் வில் பவர் வென்றார். ஆக, மூன்று பந்தயத்துக்கு மூன்று பேர். 2014இலும் அதே கதை: ரயன் ஹன்டர் ரே, மொன்டோயா, கனான்.

சாதாரணக் கார்களின் தோற்றம் கொண்ட ‘ஸ்டாக் கார்’ பந்தயங்களை நடத்துபவர்கள் இதை 1985லேயே சரியாகச் செய்திருந்தார்கள். அவர்களின் தொடரான நாஸ்காரின் பத்து லட்சம் டாலர் பரிசு, ‘வின்ஸ்டன் மில்லியன்’, மூன்றில் மூன்று கேட்கவில்லை. நான்கு பெரிய பந்தயங்களில் எவையேனும் மூன்றைக் கேட்டது. இரண்டு வென்றவருக்கு ஒரு லட்சம் டாலர். பில் எலியட் அவற்றில் டேடோனாவிலும் டலடேகாவிலும் வென்றார், சார்லட்டில் தோற்றார். மூன்றில் மூன்று என்றிருந்தால் கதை மே மாதத்திலேயே முடிந்திருக்கும். நான்கில் மூன்று என்பதால், செப்டம்பர் முதல் நாள் டார்லிங்டனுக்கு அவர் வரும்வரை ரசிகர்கள் மூன்று மாதம் காத்திருந்தார்கள். வென்றார். ‘மில்லியன் டாலர் பில்’ என்ற பெயர் இன்றும் அவரோடு ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பணத்தாளுக்கும் பில் என்றுதான் பெயர்.

இண்டிகார் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இண்டியானாபொலிஸ், செயின்ட் லூயிக்கு எதிர்க்கரையில் உள்ள கேட்வே, மில்வாக்கி, நாஷ்வில். நான்கும் ஓவல் தடங்கள், அதாவது ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே ஓடும் வளையத் தடங்கள். 1903 முதல் பந்தயம் நடக்கும் மில்வாக்கி, 2015க்குப் பின் இண்டிகாரை இழந்து 2024இல்தான் திரும்பப் பெற்றது. இந்த நான்கில் மூன்றை வெல்பவருக்குப் பத்து லட்சம் என்று 2024இல் ஒரு விதி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜோசஃப் நியூகார்டன் இண்டியானாபொலிஸையும் கேட்வேயையும் வென்றிருந்தார். மில்வாக்கியில் வெல்லவில்லை. பருவத்தின் கடைசிப் பந்தயம் நாஷ்வில். அவர் டென்னசிக்காரர், அது அவருடைய ஊர்! சொந்த ஊர் மக்கள் முன்னால், பத்து லட்சத்துக்காக ஓட்டும் ஒருவர். அந்தக் காட்சியை ஒரு விதி இல்லாத குறையால் இழந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, 2023இல், ஐந்து ஓவல் பந்தயங்களில் முதல் நான்கையும் அவரே வென்றார்: டெக்சாஸ், இண்டியானாபொலிஸ், அயோவாவில் இரண்டு. கேட்வேயில் சுவரில் மோதினார். அந்த ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் அவருக்கு ஐந்தாம் இடம். 1978 மறுபடியும் நடந்தது. கவனிக்கத்தான் ஆள் இல்லை.

பெரும் பணத்தை முன்னால் ஆட்டினால் ஓட்டுநர்கள் உயிரைப் பணயம் வைப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011 அக்டோபரில் லாஸ் வேகஸில் ஐம்பது லட்சம் டாலர் பரிசுக்காகக் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட டேன் வெல்டன் பதினைந்து கார்கள் மோதிய விபத்தில் இறந்தார். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸை வென்றவர் அவர். அந்தப் பந்தயத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் அன்று பரிசு ஒரே நாளில் முடிவதாக இருந்தது. ஒன்றரை மைல் தடத்தில் முப்பத்து நான்கு கார்கள், வெல்ல வேண்டுமானால் முன்னால் உள்ள அத்தனையையும் தாண்ட வேண்டும். நான் கேட்கும் பரிசு ஓட்டுநரிடம் புதிதாக எதையும் கேட்பதில்லை. எப்படியும் அவர் ஓட்டப்போகும் நான்கு பந்தயங்கள், எப்படியும் அவர் வெல்ல நினைக்கும் நான்கு பந்தயங்கள்.

அதே காரணத்தால்தான் போகோனோவை அந்தப் பட்டியலில் நான் கேட்கவில்லை. அது என் பக்கத்துத் தடம், நான் நேசித்த தடம். ஆனால் 2015இல் ஜஸ்டின் வில்சன் அங்கே பறந்து வந்த உடைந்த பாகம் தலையில் பட்டு உயிரிழந்தார். 2018இல் ராபர்ட் விக்கன்ஸ் முதுகுத் தண்டில் அடிபட்டார். 2019க்குப் பிறகு இண்டிகார் அங்கே போகவில்லை. போகவும் வேண்டாம். ஃபொன்டானா 2023இல் மூடப்பட்டுவிட்டது. பழைய மூன்று தடங்கள் இல்லை என்பதற்காக மும்முடியே வேண்டாம் என்பது, கோயில் இடிந்தது என்று திருவிழாவையே நிறுத்துவது போல.

பணத்துக்கு எங்கே போவது? இத்தகைய பரிசுகளுக்கு முழுத் தொகையையும் எவரும் பெட்டியில் எடுத்து வைப்பதில்லை, காப்பீடு செய்துவிடுவார்கள். விளம்பரதாரர் கட்டுவது பிரீமியம் மட்டுமே. 2025 முதல் ஒளிபரப்பு உரிமை ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. இண்டிகாரை நடத்தும் பென்ஸ்கி நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கையும் அது வாங்கியிருக்கிறது. மே மாதத்துப் பார்வையாளர்களைக் கோடை முழுவதும் தக்கவைக்க அவர்களைவிட அதிகம் தேவை யாருக்கு இருக்கிறது? 2022இல் ஓவல், சாலைத் தடம், நகர வீதி என மூன்று வகையிலும் வெல்பவருக்கு வைத்த பத்து லட்சத்தை நியூகார்டன் ஜூனிலேயே வென்றார். அதில் பாதி தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. அந்தப் பாதியை மட்டும் இந்தப் புதிய விதியிலும் கட்டாயம் வைக்க வேண்டும்.

இதையே ஆங்கிலத்தில் எழுதித் தொடரின் அமைப்பாளர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். மாமனார் அடுத்த முறை வரும்போது மில்வாக்கிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். போகோனோவில் அவர் பார்த்த மூன்றாவது திருப்பத்தின் அசல் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பெத்லகேம், பென்சில்வேனியா