ஒரே மாடு, வேறு வேறு சரக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில், தாய்லாந்தின் ஹாட்யாய்க்குச் சுற்றுலா போய்வந்த அன்பர் ஒருவர் அங்கே விற்கும் ஊக்க பானத்தைப் பற்றி எழுதியிருந்தார். சயாம்காரன் சின்னப் போத்தலில் அடைத்து விற்பதுதான் அசல், நம் ஊர் டின்னில் இருப்பது வெறும் தண்ணி, அந்தப் போத்தல் ஒன்று இங்குள்ள டின் மூன்றுக்குச் சமம் என்று அடித்துச் சொல்லியிருந்தார். நான் பல வருடங்களாக மலேசிய-தாய்லாந்து எல்லையான புக்கிட் காயு ஈத்தாம் பக்கம் சரக்கு லோரி ஓட்டுகிறவன். சுங்கத்தில் வரிசை பிடித்து நிற்கும் நேரத்தில் லோரிக்காரர்களிடையே ஓயாமல் ஓடும் பேச்சு இது. அன்பர் சொன்னதில் அசல் என்ற வரை சரி. மூன்றுக்குச் சமம் என்ற கணக்குதான் உதைக்கிறது. அதை நம்பி நாலு பேர் தப்பாகக் குடித்துவைக்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். எல்லையைத் தாண்டியதும் டானோக்கில் கடைக்குக் கடை கிடைப்பது கிராத்திங் டேங், அதாவது சயாம்காரர்களின் ரெட் புல். பழுப்புக் கண்ணாடிப் போத்தல், 150 மில்லி. மஞ்சள் வட்டத்துக்கு முன்னால் இரண்டு சிவப்பு மாடுகள் முட்டிக்கொண்டு நிற்கும். நம் ஒட்டுக்கடைகளில் இருப்பது அதே படம் போட்ட தங்க நிற டின், 250 மில்லி, நுரைக்கும் கேஸ் இல்லாதது. பெட்ரோல் நிலையக் குளிர்பெட்டியில் இவற்றுக்குப் பக்கத்திலேயே ஒல்லியாக, உயரமாக, நீலமும் வெள்ளியுமாக இன்னொரு டின் நிற்கும். அது ஆஸ்திரியாக்காரர்களுடைய ரெட் புல். கேஸ் அடித்தது, விலையும் கூட. மூன்றிலும் மாடு அதேதான். நாக்கில் வைத்தால் மூன்றும் வேறு.

சயாம் போத்தலை வாயில் ஊற்றினால் இருமல் மருந்தின் பிசுபிசுப்பு. தொண்டையில் இறங்கிய பிறகும் இனிப்பு பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீல டின்னில் புளிப்புதான் முதலில் தெரியும், இனிப்பு கேஸோடு சேர்ந்து மேலே வரும். தங்க டின் இரண்டுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். நிறைய ஐஸ் போட்டுக் கண்ணாடிக் குவளையில் குடித்தால்தான் அது சரிப்படும் என்பது என் கட்சி. அலோர்ஸ்டார் பக்கத்து ஒட்டுக்கடை அண்ணன் ஒருவர் அதில் எலுமிச்சை பிழிந்து தருவார். அது தனிக் கதை.

அன்பர் அசல் என்றது எந்த வகையில் சரி என்றால், பிறப்பு தாய்லாந்துதான். சாலியோ யூவித்யா என்பவர் தம் மருந்துக் கம்பெனி மூலம் 1970களின் நடுவில் இதைக் கொண்டுவந்தார். வாங்கியவர்கள் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள், கட்டுமான வேலைக்காரர்கள், ஆலைத் தொழிலாளிகள். நம்மைப் போன்றவர்கள்தான். அதற்கு முன்பே ஜப்பானில் 1962 முதல் லிபோவிட்டான் டி என்று 100 மில்லிப் போத்தல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இங்கே லிவிட்டா என்று நாம் குடித்தது அந்தக் குடும்பம்தான். 1980களில் பற்பசை வியாபாரமாகத் தாய்லாந்துக்கு வந்துபோன டீட்ரிக் மாட்டெஷிட்ஸ் என்ற ஆஸ்திரியர் சயாம் போத்தலைக் குடித்துப் பார்த்தார். சாலியோவோடு கூட்டுச் சேர்ந்து 1984இல் கம்பெனி தொடங்கி, கேஸ் சேர்த்து, ருசியை மாற்றி, ஒல்லி டின்னில் அடைத்து 1987இல் தம் நாட்டில் விற்பனைக்கு விட்டார். லோரிக்காரனுக்காகப் பிறந்த சரக்கு பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கும் இரவு விடுதி இளைஞர்களுக்கும் பல மடங்கு விலையில் போய்ச் சேர்ந்தது. அதே நீல டின் இப்போது தாய்லாந்துக்குப் பக்கத்து நாடான நம்மிடமே இறக்குமதிச் சரக்காக வந்து நிற்கிறது. சிரிப்பதா என்ன செய்வதா தெரியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கெடாவின் சயாமியச் சமூகத்தைச் சேர்ந்தவர், தாய் எழுத்து படிப்பார். ஒரு முறை போத்தலை அவர் கையில் கொடுத்து, பின்னால் சிவப்பில் போட்டிருப்பது என்னவென்று கேட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போத்தலை மூக்குக்குக் கிட்டே பிடித்து வாசித்தார். ஒரு நாளைக்கு இரண்டு போத்தலுக்கு மேல் குடிக்கக் கூடாது, நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கக் கூடாது. இவ்வளவும் எழுதியிருந்தது. சுற்றி நின்ற ஆட்களில் பாதிப் பேர் அன்று ஏற்கெனவே மூன்றாவதில் இருந்தார்கள்.

அந்தப் போத்தலில் உள்ள காஃபின், அதாவது தூக்கத்தை விரட்டும் சரக்கு, 50 மில்லிகிராம். தாய்லாந்து விதிப்படி இந்த வகைப் போத்தல் ஒன்றில் அதற்கு மேல் போகக் கூடாது. நீல டின்னில் 80 மில்லிகிராம், டின்னிலேயே அச்சடித்திருக்கிறது. ஆக, ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் சயாம் போத்தலில்தான் குறைவு. அளவோடு வகுத்துப் பாருங்கள். 150 மில்லியில் 50 என்றால் 100 மில்லிக்கு 33 வரும். 250 மில்லியில் 80 என்றால் 32. அமெரிக்காவிலிருந்து வரும் 473 மில்லி மான்ஸ்டர் டின்னில் 160, அதாவது 100 மில்லிக்கு 34. காட்டம் இந்த மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அடைக்கிற பாத்திரம்தான் சின்னதும் பெரிதும்.

பிறகு ஏன் சயாம் போத்தல் மண்டையில் அடிப்பதுபோல் இருக்கிறது? கேஸ் கிடையாது, அளவு கொஞ்சம், ஒரே மடக்கில் உள்ளே போய்விடும். நீல டின்னை அப்படிக் குடித்தால் ஏப்பம் விட்டே சாக வேண்டியதுதான், அதனால் ஆற அமரக் குடிக்கிறோம். கெட்டியான இனிப்பை நாக்கு பலம் என்று எடுத்துக்கொள்கிறது. சின்னப் பழுப்புப் போத்தல் என்றாலே மருந்து என்ற நினைப்பு வேறு. எதைக் குடித்தாலும் காஃபின் முழுசாக வேலை காட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடித்த ஐந்தாம் நிமிடமே கண் திறந்துவிட்டது என்கிறவருக்குத் திறந்துவிட்டது மனசுதான்.

ஒரே பெயர், ஒரே டின் என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைக்கவும் முடியாது. சீனாவில் விற்கும் தங்க டின்னில் 250 மில்லிக்குக் காஃபின் 50 மில்லிகிராம், டாரின் என்ற இன்னொரு சேர்மானம் 125. ஆஸ்திரிய நீல டின்னில் டாரின் 1000. ஜப்பானில் டாரினை மருந்து வகையில் சேர்த்திருப்பதால் அங்கே விற்கும் நீல டின்னில் அது இல்லை, பதிலுக்கு ஆர்ஜினின் என்ற வேறொரு சேர்மானத்தைப் போடுகிறார்கள். ஆனால் லிபோவிட்டான் மருந்துக்குக் கிட்டத்தட்ட என்று தனி வகையில் பதிவானது, அதனால் அதில் மட்டும் டாரின் 1000 மில்லிகிராம் தாராளமாக இருக்கிறது. பிரான்ஸ் இந்த டாரினைக் காரணம் காட்டி 2008 வரை அசல் நீல டின்னை உள்ளே விடவில்லை. எந்த நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதுதான் அந்த நாட்டு டின்.

டாரின் என்றதும் நம் வீடுகளில் வரும் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். மாட்டின் உடம்பிலிருந்து எடுத்தது, அதனால்தான் டின்னில் மாடு என்று என் அம்மா இதைக் குளிர்பெட்டியில் வைக்க விட்டதே இல்லை. சாமி படம் இருக்கும் வீட்டில் இதெல்லாம் கூடாது என்பார். 1827இல் ஜெர்மன்காரர்கள் முதன்முதலில் அதை எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தார்கள் என்பது உண்மை. பானங்களில் இன்று சேர்ப்பது ஆலையில் ரசாயன முறையில் செய்தது, மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லிப் பார்த்தேன். அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. டின்னை லோரியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். காரின் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த சயாம் போத்தல்களை இங்கே சில கடைகளில் அப்படியே வைத்து விற்கிறார்கள். எல்லாம் தாய் எழுத்து. இரண்டுக்கு மேல் கூடாது என்ற சிவப்பு எச்சரிக்கை, அதைப் படிக்கத் தெரியாதவன் கையில்தான் வந்து சேருகிறது. இறக்குமதி உணவுப் பொருளின் விவரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன. புதிதாகச் சட்டம் போடச் சொல்லவில்லை, இருப்பதை நடத்தினால் போதும்.

பேரங்காடிகளில் முளைத்திருக்கும் இறக்குமதி மிட்டாய்க் கடைகள் இன்னொரு தலைவலி. மூன்றாம் படிவம் படிக்கும் என் அக்கா மகன் அங்கேதான் அந்த 473 மில்லி மான்ஸ்டர் டின்னை வாங்கி வந்தான். அமெரிக்கச் சரக்கு மாமா, இங்கே கிடைக்காது என்று பெருமை வேறு. பிள்ளைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன கணக்கு. பையன் 50 கிலோ என்று வையுங்கள், நாள் முழுவதற்கும் 150தான். அந்த ஒரு டின்னே அதைத் தாண்டிவிட்டது. மேலே காப்பி, தே தாரிக், கோலா எல்லாம் இருக்கிறது. இதிலும் பெரிய ஆட்கள் உண்டு. அமெரிக்காவின் பிரைம் எனர்ஜி 355 மில்லிக்கு 200 மில்லிகிராம். அதையே பிரிட்டனில் 330 மில்லி டின்னில் 140ஆகக் குறைத்து விற்கிறார்கள். கனடாவில் ஒரு டின்னுக்கு 180 என்று உச்சவரம்பு இருக்கிறது. 2023 ஜூலையில், வேறு வழியாக உள்ளே வந்திருந்த பிரைமையும் இன்னும் பல பானங்களையும் அங்கே கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். இறக்குமதி என்றால் உசத்தி என்று தூக்கி வைக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

சர்க்கரைக்கு மட்டும் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். நாம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று வரி போட ஆரம்பித்தோம், பிறகு ஏற்றினோம். சிங்கப்பூர் 2022 இறுதியில் டின்னிலேயே ஏ முதல் டி வரை எழுத்துப் போட வைத்தது. நல்லதுதான். 250 மில்லி நீல டின்னில் 27 கிராம் சர்க்கரை இருப்பதைக் கேட்டால் எனக்கே பகீர் என்கிறது. சர்க்கரை இல்லாத டின்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அடுத்தடுத்து உடைக்கிற தம்பிகளையும் பார்க்கிறேன். அதில் சர்க்கரைதான் இல்லை. காஃபின் அப்படியே இருக்கிறது.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த இடம் ஒன்றில், பெயர் வேண்டாம், பெருநாள் நெருக்கடியில் ஓய்வு நேரத்தைக் குறைத்துவிட்டு ஆளுக்கு ஒரு பெட்டி டின் கொடுத்தார்கள். உள்ளே போன காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நடுச்சாமத்தில் ஈப்போ தாண்டும்போது குடித்தால், விடிந்து சரக்கு இறக்கிவிட்டுப் படுக்கிற நேரத்தில் கண் மூடாது. மறுநாள் இரவு இன்னும் கேடு, இன்னும் ஒரு டின். பிளஸ் நெடுஞ்சாலையின் ஓய்வுத்தலத்தில் இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துக்கொள்ள விட்டால் முதலாளிக்குப் பெட்டிக் காசும் மிச்சம்.

சுகாதார அமைச்சு பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். உள்ளூர்ச் சரக்கோ வெளிநாட்டுச் சரக்கோ, போத்தலோ டின்னோ, இந்த ஒன்றில் மொத்தம் இத்தனை மில்லிகிராம் காஃபின், ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் வேண்டாம் என்று முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட வைக்கட்டும். 100 மில்லிக்கு இவ்வளவு என்று போட்டால் போதாது. டின்னைத் திறந்தவன் முழுசாகத்தான் குடிப்பான், லோரியில் உட்கார்ந்து வகுத்துப் பார்க்க மாட்டான். இறக்குமதிக்காரர்கள் ஒட்டும் வெள்ளைத் தாள் அந்த எண்ணின் மேலேயே போய் உட்காராமல் பார்த்துக்கொள்வதும் அமைச்சின் வேலைதான்.

இப்படிக்கு,
ஆர்.எஸ்., லோரி ஓட்டுநர்,
சுங்கைப் பட்டாணி, கெடா