பனிக்காலம் முழுக்க எங்களைத் தாங்கியவர்களுக்கு

நிலக்கீழறை தந்த அன்ரிக்கும் அங்கிளுக்கும், கராஜ் அண்ணைக்கும், வான் ஓட்டிய மாமாவுக்கும், பெயர் தெரியாத ஓர் அம்மாவுக்கும்,

வணக்கம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியக் காலை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சைக்கிளில் வெளிக்கிட்டு வடக்கே ஸ்ரூவில் ஊர் வரை போய் வந்தோம். பதினொரு பேர் போனோம், பதினொரு பேரும் ஒன்றாகவே திரும்பினோம். வீதியோரம் உப்பும் மணலும் இன்னும் கிடக்கிறது. வயல்களில் பனி திட்டுத் திட்டாக நிற்கிறது. திரும்பி வரும்போது காற்று முகத்துக்கு நேரே அடித்தது. ஆனாலும் வரிசை குலையவில்லை, ஒருவர் மாறி ஒருவர் முன்னுக்குப் போய் மற்றவர்களுக்குக் காற்றை மறைத்து இழுத்தோம். போன வருடம் இதே வீதியில் பாதிப் பேர் களைத்து நின்றது எனக்கு நல்ல ஞாபகம். வீட்டுக்கு வந்து குளித்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சைக்கிள் அணியைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்தால் வெளியே ஓட வெளிச்சமும் இல்லை, வீதியும் இல்லை. அதற்காக நவம்பரில் சைக்கிளைத் தூக்கி வைத்துவிட்டு ஏப்ரலில் எடுத்தால், முதல் போட்டியிலேயே கால் கைவிட்டுவிடும். பனிக்காலத்தில் செய்ய வேண்டியது வேகமாக ஓடுவதல்ல. பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே உழக்கக்கூடிய மெல்லிய வேகத்தில், கிழமை தவறாமல், மணிக்கணக்காக உழக்குவது. இருதயத்துக்கு அத்திவாரம் போடுவது அதுதான். அதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும்.

ஒக்ரோபரில் இடம் தருகிறோம் என்று சொன்ன ஓரிடத்தார் நவம்பர் கடைசியில் கைவிரித்துவிட்டார்கள். பதினொரு பேருக்கும் அட்டவணை எழுதி முடித்திருந்தேன். அன்றிரவு அன்ரி வீட்டுக்கு வேறு அலுவலாகப் போனபோது முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று கேட்டா. சொன்னேன். "கீழ சும்மாதானே கிடக்குது, கொண்டுவந்து வையுங்கோவன்" என்றா. அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஐந்து ரெயினர்களை, அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே உழக்க வைக்கும் தாங்கிகளை, இறக்கி, பின் சில்லுகளைப் பூட்டி, நிலக்கீழறையில் வரிசையாக வைத்துவிட்டோம்.

அன்ரி, நீங்கள் தந்தது வெறும் இடமல்ல. வெளியே −15 பாகை என்றாலும் உள்ளே காற்று ஓடாவிட்டால் பத்தே நிமிடத்தில் உடம்பு கொதிக்கும். ஓடாத சைக்கிளில் வியர்வை காய வழியில்லை. சொட்டுச் சொட்டாக ஹாண்டிலில் விழுந்து ஆணிகளைக் கறள் பிடிக்க வைத்துவிடும். முதல் கிழமையே நீங்கள் அதைக் கவனித்து, உங்கள் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, நாலாக மடித்து, ஒவ்வொரு ஹாண்டிலுக்கும் ஒவ்வொன்று போட்டு வைத்திருந்தீர்கள். என்னுடையது அரக்குக் கரை போட்டது. ஒரு மணித்தியாலம் முடிய அது தோய்ந்து தொங்கும், காய்ந்த பிறகு கரையில் வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். செவ்வாயும் வியாழனும் நாங்கள் போன பிறகு அதையெல்லாம் தோய்த்துக் காயப்போட்டது நீங்கள். நாங்கள் கேட்கவும் இல்லை, நீங்கள் ஒரு நாள் சொல்லிக் காட்டவும் இல்லை. பழைய ரெயினர்களில் ரயர் உரசும் சத்தம் மா அரைக்கிற மில்லுக்குள் நிற்பது போல இருக்கும். அதற்கு மேல்தான் நீங்கள் இருவரும் நான்கு மாதம் இரவுச் சாப்பாடு சாப்பிட்டீர்கள்.

அங்கிள், நீங்கள் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் இருந்ததை நாங்கள் ஒருவரும் மறக்க மாட்டோம். ஆறு கிழமைக்கு ஒருமுறை 20 நிமிடம் முழுப் பலத்தோடு உழக்கிப் பார்க்கிற சோதனை இருக்கிறது. அதில் பன்னிரண்டாவது நிமிடத்துக்கும் பதினாறாவது நிமிடத்துக்கும் இடையில்தான் மனம் விட்டுப்போகும். அந்த நேரம் பார்த்து, "தம்பியவை, இன்னும் அஞ்சு நிமிசம்தான், விடாதேங்கோ" என்பீர்கள். உண்மையில் ஏழு நிமிடம் இருக்கும். தெரிந்துகொண்டே நம்பினோம். பொங்கலன்று நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்திருந்தோம். நீங்கள்தான் தொலைபேசி எடுத்து, பொங்கல் ஆறுகிறது, உழக்கிவிட்டுச் சாப்பிடுங்கோ என்று கூப்பிட்டீர்கள்.

கராஜ் அண்ணைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சனி ஞாயிறில் வெயில் கொஞ்சம் எறித்தால் வெளியே போவோம். அன்று வீதி உப்பு செயினுக்குள் புகுந்துவிடும், இரண்டு நாள் விட்டால் சிவப்பாகக் கறள் ஏறும். அண்ணை கராஜைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுத்தான் விடுவார். செயின் தேய்ந்து நீள்வதை அளக்கும் தகடு ஒன்று அவரது சட்டைப் பையிலேயே இருக்கும். 0.5 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றித்தான் தீருவார், இல்லாவிட்டால் பற்சில்லையும் அரித்துவிடும் என்பார். எங்கள் அணியின் கடைக்குட்டிக்குப் பதினாறு வயது. ஏன் அங்கிள் காசு வாங்குகிறீர்களில்லை என்று அவன் ஒருநாள் நேரே கேட்டுவிட்டான். அண்ணை சில்லைச் சுழற்றியபடியே, யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலம், பற்றறியும் வராத காலம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையைச் சொன்னார். தகப்பனார் செய்தி கேட்டு முடியும்வரை சுற்றுவது இவருடைய வேலையாம். "சைக்கிள்தான் எங்களைக் காப்பாத்தினது, அதுக்குக் காசு வாங்கேலாது" என்றார். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் அழுக்குச் சைக்கிளோடு அந்தக் கராஜுக்குப் போனதில்லை.

வான் மாமா கிழமை நாட்களில் பார ஊர்தி ஓட்டுகிறவர். சனிக்கிழமை ஒன்றுதான் அவருக்கு நித்திரை கொள்ளக் கிடைப்பது. அந்தச் சனிகளில் ஐந்தை எங்களுக்குத் தந்து, 401 நெடுஞ்சாலையில் மில்ரன் ஊரின் வெலோட்றோமுக்கு, அதாவது சைக்கிள் ஓட்ட உள்ளரங்குக்கு, கூட்டிப் போனார். 2015 பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய இடம் அது. 250 மீற்றர் மரத் தடம், வளைவுகளில் 42 பாகைச் சரிவு. கீழே நின்று பார்த்தால் சுவர் போலத் தெரியும். அங்கே ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, சில்லு சுற்றும்வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். பயந்து வேகத்தைக் குறைத்தால்தான் சறுக்கும். முன்னால் போகிறவரின் பின் சில்லோடு ஒட்டிப் போகவும், கால் ஒரே சீராகச் சுற்றவும் அந்த ஐந்து சனிக்கிழமைகள் பழக்கியது கொஞ்சமல்ல. நேற்றைய எதிர்க்காற்றில் அதுதான் கைகொடுத்தது.

இனி, பெயர் தெரியாத அம்மா. பெப்ரவரியில் பகலில் உருகிய பனி இரவில் இறுகி, வீதியில் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகக் கிடந்த ஒரு ஞாயிறு. ரூஜ் பூங்காப் பக்கம் எங்கள் கடைக்குட்டி வளைவில் சறுக்கி விழுந்தான். நாங்கள் அவனைத் தூக்குவதற்குள் நீங்கள் காரை நிறுத்தி, உங்கள் மேலங்கியைக் கழற்றி அவனுக்குப் போர்த்துவிட்டீர்கள். காருக்குள் இருத்தி, ஹீற்றரைக் கூட்டி, அவசரப் பிரிவு வரை கொண்டுபோய் விட்டு, அவன் தாய் வரும்வரை பக்கத்திலேயே இருந்தீர்கள். எங்கள் பதட்டத்தில் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. எலும்பு முறியவில்லை அம்மா, முழங்கை மட்டும்தான் வீங்கியது. மூன்று கிழமையில் திரும்ப ஏறிவிட்டான். மேலங்கியைத் தோய்த்து எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை.

முழங்கால் நோவுக்கு வீட்டுக்கே வந்து இருக்கை உயரத்தைத் திருத்தித் தந்த பிசியோ அக்கா, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்ட அம்மாமார், பிரிம்லி வீதியில் புளவ்வர்ஸ் பூங்கா ஏற்றத்தை நாங்கள் எட்டுத் தரம் ஏறி இறங்கிய மார்ச் காலைகளில் கீழே குளிரில் நின்று எண்ணிய பிள்ளைகள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இந்த மாதக் கடைசியில் முதல் போட்டி. ஒன்ராறியோவின் பாரிஸ் ஊரிலிருந்து அங்காஸ்ரர் வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர். 1994 முதல் நடக்கிறது. பழைய ரயில் பாதை, தோட்ட வழி, சேறு, முடிவில் மார்ட்டின் வீதி ஏற்றம். அந்த ஏற்றத்தின் உச்சியில்தான் முடிவுக்கோடு. அன்ரி, அங்கிள், வானில் முன் இருக்கை இரண்டும் உங்களுக்கு. விடியப்புறம் ஐந்து மணிக்கு மாமா வாசலுக்கு வருவார். குளிராக இருக்கும், தொப்பி போட்டு வாருங்கோ. அங்கிள், மணிக்கூட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கோ.

அன்போடும் நன்றியோடும்,
பதினொரு பேரின் சார்பில்,
அணி இணைப்பாளர்