முன்னாள் படைவீரர்களின் வீட்டுப் பராமரிப்பில் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

மதிப்பிற்குரிய முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும், எங்கள் செவிலியர் குழுவுக்குப் பல வகையிலும் கைகொடுத்த அன்பர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பணி ஓய்வு பெற்றதன் நினைவாக, அந்த நாள் ஆண்டுதோறும் முன்னாள் படைவீரர் நாளாகப் போற்றப்படுகிறது. பொங்கலை ஒட்டி வருவதால், அன்று எங்கள் செவிலியர்கள் செல்லும் வீடுகளில் இரட்டை வாழ்த்துச் சொல்வது வழக்கம். இவ்வாண்டு வாழ்த்தோடு நின்றுவிடாமல், எங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு உரிய நன்றியை எழுத்தில் பதிவு செய்துவிட வேண்டும் என்று குழுவில் எல்லோரும் விரும்பினார்கள். குழுவின் பொறுப்பாளர் என்ற முறையில் அந்தக் கடமையை நிறைவேற்றுவதே இம்மடலின் நோக்கம்.

பெங்களூரின் கிழக்குப் பகுதியை அறிந்தவர்களுக்கு இந்தக் குடும்பங்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்சூர் ஏரியை ஒட்டி, ராணுவத்தின் பொறியாளர் பிரிவுகளில் ஒன்றான மதராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இருப்பதால், ஓய்வு பெற்ற தமிழ் வீரர்கள் ஊர் திரும்பாமல் மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, ராமமூர்த்தி நகர் என்று சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டிக் குடியேறியது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. 1971ஆம் ஆண்டுப் போரில் இளைஞர்களாக நின்றவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். பக்கவாதம், சர்க்கரை நோயால் ஆறாத கால்புண், மறதி நோய், பழைய காயங்களின் தொடர் உபாதை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை உண்டு. இவர்களுக்கு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகள் எனப்படும் மருத்துவ நிலையங்களில் மருந்தும் கிடைக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள மனிதர்களும் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நோயாளி மாறும் அந்த இடத்தில்தான் பராமரிப்பு தவறிப்போகிறது என்பதை இந்தப் பணியில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் வந்து நின்றவர்களுக்கே இந்த நன்றி.

முதலில் ஒரு வார்டு சிஸ்டரைச் சொல்ல வேண்டும். அவர் பணிபுரியும் மருத்துவமனையில் வயதான நோயாளிகளைச் சனிக்கிழமை மாலையில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்தது. மறுநாள் பாலிகிளினிக் இயங்காது. புதிதாக எழுதித் தந்த மருந்து கையில் இருக்காது. உணவுக்குழாயோடு வந்து இறங்கிய கணவருக்கு எந்த அளவில், எந்த நிலையில் படுக்கவைத்து உணவு செலுத்துவது என்று தெரியாமல் எழுபது வயது மனைவி திகைத்து நிற்பார். இந்தச் சிஸ்டர் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், டிஸ்சார்ஜ் உறுதியானதும் முந்தின நாளே எங்களுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கத் தொடங்கினார். எந்தக் குழாய் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, கடைசி இன்சுலின் எத்தனை யூனிட், நோயாளிக்கு எந்தக் காது கேட்காது என்பதுவரை சொல்வார். அந்தத் தகவல் கையில் இருந்தால், நோயாளி வீடு வந்து சேரும்போது எங்கள் செவிலியர் வாசலில் நிற்க முடிகிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, உணவு செலுத்திய பிறகும் அரைமணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று வீட்டாருக்கு முதல் வேளையிலேயே காட்டித்தர முடிகிறது. உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வந்து மறுபடியும் மருத்துவமனைக்கு ஓடும் நிலையைத் தவிர்ப்பதற்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது செவிலியர்களுக்குத் தெரியும். சிஸ்டர், உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள்; அந்த விருப்பத்தை மதிக்கிறேன்.

அடுத்து, லிங்கராஜபுரத்தில் ஒரு ஹவில்தாரின் துணைவியாருக்கு என் நன்றியைத் தனியே சொல்ல விரும்புகிறேன். மலைப்பாதையில் ராணுவ வண்டி உருண்டதில் தண்டுவடம் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வற்றுப் போன தம் கணவரை அவர் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியபோது ஹவில்தாரின் முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் விழுந்திருந்தது. எங்கள் சிஸ்டர் வாரத்துக்குச் சில நாள் சென்று சலைனால் கழுவிக் கட்டுப்போடுவார். ஆனால் அந்தப் புண் ஆறியது எங்கள் கட்டினால் மட்டும் என்று நான் சொன்னால் அது நியாயமாகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் அலாரம் வைத்து எழுந்து, தலையணையை முட்டிகளுக்கு இடையில் கொடுத்து, தோலை இழுத்துவிடாமல் போர்வையோடு சேர்த்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் அந்த அம்மாதான். காற்று மெத்தையின் மோட்டார் மின்தடையில் நின்றுபோனால் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். தினமும் முட்டையும் பயறும் கொடுத்தால்தான் சதை வளரும் என்று சொன்னதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அதே அம்மா ஒருநாள் இரவு செய்ததை எங்கள் குழுவின் புதிய செவிலியர்களுக்கு நான் பாடமாகவே சொல்லிவருகிறேன். மார்பு முள்ளெலும்பின் ஆறாம் கணுவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிறைந்து வெளியேற வழியில்லாமல் போனால், இரத்த அழுத்தம் திடீரென்று எகிறிவிடும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று மருத்துவத்தில் சொல்லப்படும் இந்நிலை, கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடும். அவர்களுடைய இயல்பான அழுத்தமே 90, 100 என்று குறைவாக இருப்பதால், மற்றவர்களுக்குச் சற்றே கூடுதல் என்று தோன்றும் 150கூட அவர்களுக்கு அபாய அளவு. அன்றிரவு ஹவில்தாருக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, நெற்றி வியர்த்துக் கொட்டியது. அந்த அம்மா பதறி அக்கம்பக்கத்தாரை எழுப்பவில்லை. தொலைபேசியில் எங்கள் இரவுப் பணிச் சிஸ்டரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கணவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார். லுங்கி முடிச்சைத் தளர்த்தினார். சிறுநீர்க் குழாயை நுனிவரை தடவிக்கொண்டே போய், தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்ததைக் கண்டு நேராக்கினார். பையில் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. சிறிது நேரத்தில் அழுத்தமும் இறங்கியது. அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது: வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் புரியாது என்று எண்ணிக்கொண்டு அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அது தவறு என்பதை இந்த அம்மாவைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அம்மா, உங்களுக்கு எங்கள் குழு என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

காகித வேலையில் உதவிய பெரியவர்களை மறந்துவிட முடியாது. படையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேர், காலை நடைப்பயிற்சி முடிந்ததும் நேராகப் பாலிகிளினிக் வாசலுக்கு வந்து, மருத்துவமனைக்கான ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) வாங்க வந்தவர்களின் அட்டை, பழைய சீட்டு, நகல்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து வரிசையில் நிற்கவைக்கிறார்கள். அவசரத்தில் திட்டத்தில் சேராத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போனவர்களும் அவர்களே. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு நவம்பர் மாதம் வந்தால் ஆயுள் சான்றிதழ் கவலை பிடித்துக்கொள்ளும். உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாது. கருவியோடு வீட்டுக்கே வந்து, அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ஓய்வூதியம் தடைபடாமல் காத்த தபால்காரர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. செவிலியர்களாகிய நாங்கள் செய்ய வேண்டிய வேலையை நிம்மதியாகச் செய்ய முடிவதற்கு இவர்கள் தலையில் ஏற்றுக்கொண்ட சுமையும் ஒரு காரணம்.

மர்ஃபி டவுனில் வசிக்கும் ஒரு சுபேதாரின் பழைய தோழருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரின் மேற்கு முனையில், பசந்தர் ஆற்றை ஒட்டிய கண்ணிவெடிப் புலத்தில் டாங்கிகளுக்கு வழி திறந்துகொடுத்தவர்கள் மதராஸ் சேப்பர்கள். அந்தப் படைப்பிரிவில் ஆயுளின் நல்ல பகுதியைக் கழித்த சுபேதார் இப்போது மறதி நோயால் மகனையே சில நாள் அடையாளம் தெரியாமல் விழிக்கிறார். குளிப்பாட்டப் போனால் கையைத் தட்டிவிடுவார். பெண் செவிலியர் சட்டையைக் கழற்ற முயல்வதை அவருடைய மானம் ஏற்கவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆண் செவிலியரை அனுப்பிப் பார்த்தும் பயன் இல்லை. அப்போதுதான் இந்தத் தோழர், தாம் காலையில் வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிடுவதாகச் சொன்னார். கிண்ணத்தில் வெந்நீர், பழைய பிரஷ், சோப்பு நுரை. எதிரில் ஒரு கண்ணாடி. சவரம் முடிந்து துண்டால் துடைத்ததும், பணிக்காலத்து ஒழுங்கின்படி அடுத்தது குளியல்தான் என்று உடம்புக்கே நினைவிருப்பதுபோல் சுபேதார் தாமாகவே எழுந்து நடந்தார். அன்று முதல் எங்கள் சிஸ்டரின் வேலை எளிதாயிற்று. நோயாளியை அமைதிப்படுத்தும் மாத்திரையின் அளவைக் கூட்டுவதுபற்றி மருத்துவரிடம் பேச இருந்தோம். அந்தத் தேவையே எழவில்லை. தோழருக்கும் வயது எண்பதை நெருங்குகிறது. பேருந்து ஏறி வரும் அவருக்கு எங்கள் வணக்கம்.

மார்ஃபின் மாத்திரையைக் கண்டு அஞ்சாமல், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்த வீரர்களுக்கு உரிய அளவில் எழுதித்தந்து, இரவிலும் தொலைபேசியை எடுத்துப் பதில் சொன்ன வலிதணிப்பு மருத்துவருக்கும், எங்கள் நேரத்துக்கு ஏற்பத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்ட இயன்முறை மருத்துவர்களுக்கும், மழையில் தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் ஆக்சிஜன் கருவியைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு ஓட்டிவந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், கடை அடைக்கும் நேரத்தில் கட்டுத்துணியும் சலைனும் எடுத்துவைத்துக் காத்திருந்த மருந்துக்கடைக்காரருக்கும் நன்றி.

இறுதியாக என் குழுவினர். பணி அட்டவணை போடுவது என் பொறுப்பு. ஆனால் அட்டவணை தாளில்தான் ஒழுங்காக இருக்கும். கே.ஆர்.புரம் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டால், காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினுக்கு யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களே தங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டு, பிறகு எனக்குத் தெரிவிப்பார்கள். இந்த உரிமையை அவர்கள் எடுத்துக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். கோட்டயத்திலிருந்தும் ஹாசனிலிருந்தும் வந்த சிஸ்டர்கள், நோயாளியின் கட்டிலருகே தொங்கும் குறிப்பேட்டில் வீட்டார் தமிழில் எழுதுவதைப் படிப்பதற்காகவே தமிழ் எழுத்துக் கற்றார்கள். அந்தக் குறிப்பேடுகளே எங்கள் பணியின் முதுகெலும்பு. இரவில் மருமகள் எழுதிவைத்த ‘சிறுநீர் கலங்கலாக இருக்கிறது’ என்ற ஒரு வரியைக் காலையில் வந்த சிஸ்டர் படித்து, மாதிரி எடுத்து அனுப்பி, காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே மருந்து தொடங்கிய நாட்கள் உண்டு.

குழுவில் சிலர், தாங்கள் பார்த்துக்கொண்ட வீரர் இறந்த பிறகும், தனியாகிவிட்ட மனைவியின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் சாக்கில் அந்த வீட்டுக்குப் போய்வருகிறார்கள். கணவர் மறைந்த பிறகும் இ.சி.எச்.எஸ். வசதி தங்களுக்கு உண்டு என்பதை அறியாமல், சொந்தச் செலவில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த தாய்மார்களை அவர்கள் கண்டறிந்து, மேலே சொன்ன எழுத்தர் பெரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். இவ்வாண்டு முதல் அந்தத் தாய்மார்களின் வீடுகளையும் எங்கள் வழக்கமான சுற்றில் சேர்த்திருக்கிறோம். இம்மடலின் நகல் ஒவ்வொரு வீட்டுக் குறிப்பேட்டிலும் வைக்கப்படும். கண்பார்வை மங்கியவர்களுக்கு அடுத்த முறை வரும் சிஸ்டர் படித்துக் காட்டுவார்.

நன்றியுடனும் மரியாதையுடனும்,

பொறுப்பாளர்,
முன்னாள் படைவீரர் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் குழு,
பெங்களூரு