உன் மெட்டபாலிசமும் என் டிகிரி காபியும்

கும்பகோணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பேரன் இங்கே பத்து நாள் இருந்தான். அவன் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் வீட்டில் பேனா எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்தது. இவருக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கொல்லையில் நார்த்தை காய்த்துத் தொங்குகிறது. நீ பக்கத்துத் தெருவில் இருந்தால் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருப்பேன். உன் பெண்ணுக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் இவரைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தை மாதம் என்றால் இன்னும் நாலே மாதம்தான்!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கல்யாணத்துக்குள் நாலு கிலோ குறைய வேண்டும், மெட்டபாலிசத்தை, அதாவது உடம்பு சக்தியை எரிக்கும் வேகத்தை, பூஸ்ட் பண்ணினால் தானாகக் குறையுமாம், மருமகள் ஒரு பவுடர் டப்பா வாங்கி வைத்திருக்கிறாள், குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "நீதானே சயின்ஸ் டீச்சர்" என்று வேறு. நான் ஃபிசிக்ஸ் டீச்சர்டி. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது என் பாடம்தான். வெப்பம். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியே, லாப்லாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் உட்காரவைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவது என்பது மெதுவாக எரிவதுதான் என்று அதிலிருந்து தெரிந்தது. முப்பது வருஷம் இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் கலோரிமானியை மேசைக்கு எடுத்து வைப்பேன்.

இப்போது உன்னையே அந்தப் பாத்திரத்தில் வைப்போம். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 66 கிலோ, வயது 61. டாக்டர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டால், நீ ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடந்தாலும் ஒரு நாளைக்குச் சுமார் 1150 கிலோகலோரி செலவாகிறது. வினாடிக் கணக்கில் மாற்றினால் 56 வாட். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பை விடக் கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான் நீ, அவ்வளவுதான் நானும். அதில் பெரும்பங்கைக் கல்லீரலும் மூளையும் இதயமும் சிறுநீரகமும் எடுத்துக்கொள்கின்றன. மூளைக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும், நீ குறுக்கெழுத்து போட்டாலும் சரி, சீரியல் பார்த்தாலும் சரி. பூஸ்ட் பண்ணுவது என்றால் இந்த பல்பை இன்னும் பிரகாசமாக எரிய வைப்பது. எதனால் எவ்வளவு கூடும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் காபி, அது எங்கள் ஊர்க்காரர்களின் சொந்த விஷயம். ஒரு நல்ல டம்ளர் காபியில் இருக்கும் கஃபீன், சுமார் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள், இரண்டரை மணி நேரத்துக்கு உன் செலவை 3 அல்லது 4 சதவீதம் கூட்டும். இது அளந்து பார்த்த உண்மை. ஆனால் கணக்குப் போட்டால் அந்த இரண்டரை மணி நேரத்தில் கூடுதலாக எரிவது 4 கிலோகலோரிதான். அந்த டம்ளரில் நீ போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையிலேயே 40 இருக்கிறது. பால் கணக்கை நான் பார்க்கப் போவதில்லை. டிகிரி காபியைக் குறை சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

அடுத்தது தண்ணீர். ஐஸ் தண்ணீர் குடித்தால் உடம்பு அதைச் சூடாக்கக் கொழுப்பை எரிக்கும் என்கிறார்கள். ஐந்து டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பம் 16 கிலோகலோரி, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. கால் இட்லி. வெந்நீர் என்றால் இதுவும் கிடையாது, அது நமக்குத்தான் சூட்டைக் கொடுக்கிறது. இவ்வளவு தெரிந்த நானே, சிரிக்காதே, நாலு வருஷத்துக்கு முன்னால் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து ஒரு மண்டலம் விடாமல் குடித்தேன். தினமும் இரண்டு பெரிய கரண்டித் தேன், அதாவது 120 கிலோகலோரி. நாற்பத்தெட்டாம் நாள் எடை பார்த்தால் 600 கிராம் ஏறியிருந்தது. மெஷின் பழுது என்று இவரிடம் சண்டை போட்டேன்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று உன் அம்மா சொல்வார்களே, அதில் ஓரளவு சத்து இருக்கிறது. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். புரதத்தைச் செரிக்க, அதிலிருந்து கிடைக்கும் சக்தியிலேயே 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். சோறு என்றால் 5 முதல் 10, எண்ணெய் என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயிறும் சீக்கிரம் நிறைந்தாற்போல் இருக்கும். ஆனால் கொள்ளைச் சாப்பிட வேண்டும். தெளிவை மட்டும் இறுத்து ரசம் வைத்தால் மணம்தான் மிச்சம்.

"நாற்பது வயசிலேயே என் மெட்டபாலிசம் படுத்துவிட்டது" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் உன்னோடு எனக்குத் தகராறு. நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2021-இல் ஹெர்மன் பான்ட்ஸரும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். 29 நாடுகள், 6,400-க்கும் மேற்பட்ட ஆட்கள், பிறந்து எட்டே நாளான குழந்தையிலிருந்து 95 வயதுக் கிழவர் வரை. கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடம்பிலிருந்து வெளியேறும் வேகத்தை வைத்து மொத்தச் செலவைக் கணக்கிடும் முறை. உடம்பின் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை கோடு மட்டமாகப் போகிறது. ஆணானாலும் பெண்ணானாலும் சரி, தீட்டு நிற்கும் வயதிலும் சரிவு இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் வருஷத்துக்கு முக்கால் சதவீதம் போலக் குறைகிறது. ஆக, நமக்கு இறக்கம் இப்போதுதான் ஆரம்பம். நாற்பதில் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டும். எனக்குத் தெரிந்தவரை உன் வீட்டில் அப்போதுதான் கார் வந்தது, வேலைக்கு ஆளும் வைத்தாய்.

விஜயாவை நினைவிருக்கிறதா? திருச்சி ஹாஸ்டலில் நம் அறைக்கு எதிர் அறை. மெஸ்ஸில் ஏழு தோசை சாப்பிட்டுவிட்டு, நான் வைத்த பாதியையும் எடுத்துக்கொள்வாள். ஆள் விளக்குமாற்றுக் குச்சி. நமக்கெல்லாம் எவ்வளவு பொறாமை! "அவ மெட்டபாலிசம் அப்படி" என்று யாரும் அன்று சொல்லவில்லை, வயிற்றில் பூச்சி என்றார்கள். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கிலோகலோரி கூடுதலாக ஊட்டினார்கள். ஒருவருக்கு 4 கிலோவுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தது, இன்னொருவருக்கு அரைக் கிலோகூட இல்லை. சேராதவர்கள் ரகசியமாக உடற்பயிற்சி செய்யவில்லை. தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக நடமாடியிருக்கிறார்கள், எழுந்திருக்கிறார்கள், நெளிந்திருக்கிறார்கள், கை கால் ஆட்டியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே விஜயாதான் கண்ணில் வந்தாள். அவளால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது. படிக்கும்போது கட்டிலே ஆடும். "காலை ஆட்டாதேடி, குடும்பத்துக்கு ஆகாது" என்று வார்டன் அம்மா தினமும் திட்டுவார்கள். ஏழாவது தோசை எங்கே போனது என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிகிறது.

அதனால் பட்டினி கிடக்காதே. உடம்பு நம்மைவிடச் சிக்கனமானது, வரவு குறைந்தால் செலவைச் சுருக்கிவிடும். அமெரிக்காவில் ஒரு டிவி எடைக் குறைப்புப் போட்டியில் கிலோ கிலோவாக இழந்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்தார்கள், 2016-இல் முடிவு வந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிட்டது. ஓய்வுச் செலவு மட்டும், இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாகவே நின்றுவிட்டது. நாலு கிலோவுக்கு அவ்வளவு மோசமாக ஆகாது. ஆனாலும் நாலு மாதத்தை நாலு வாரமாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பல்பை நிஜமாகவே ஏற்றிவிடும் மருந்து ஒன்று இருந்தது, தெரியுமா? முதல் உலகப் போரில் பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் காரணமில்லாமல் இளைத்தார்கள், காய்ச்சலாய்க் கொதித்துச் செத்தவர்களும் உண்டு. டைநைட்ரோஃபீனால் என்ற பொருள். 1933-இல் ஸ்டான்ஃபோர்டில் அதையே எடை குறைக்கும் மருந்தாக்கினார்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் எப்படி, அப்படித்தான்: செல்லுக்குள் எரிபொருள் எரியும், வேலை நடக்காது, எல்லாம் சூடாகவே போகும். எடை குறைந்தது. கூடவே கண்ணில் புரை விழுந்தது, உள்சூட்டிலேயே சிலர் இறந்தார்கள். 1938-இல் அமெரிக்காவில் தடுத்துவிட்டார்கள். இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்று ஆட்களைக் கொல்கிறது. உன் மருமகள் வாங்கியதில் அது இருக்கும் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் கிரீன் டீ தூளும் கஃபீனும் கோகோவுமாக இருக்கும், பாவம், நல்லெண்ணத்தில் வாங்கியிருக்கிறாள். ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. என்ன இருக்கிறது என்று போடாத டப்பா என்றால் வாயில் வைக்காதே.

தைராய்டு மாத்திரையையும் நீயாகக் கூட்டாதே. போன தடவை நீ லேசாகக் கேட்டதை நான் மறக்கவில்லை. குறைபாடு இருப்பவர்களுக்கு அது சரியான மருந்து, அப்போதும் இறங்குவது ஒன்றிரண்டு கிலோ, அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும்தான். அளவு மீறினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். இப்போது எல்லோரும் பேசும் அந்த எடை குறைக்கும் ஊசியும் பல்பை ஏற்றுவதில்லை, பசியைக் குறைக்கிறது. இத்தனை வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு பலித்தது அந்தப் பக்கம்தான் என்பதைக் கவனி.

நான் உன் இடத்தில் இருந்தால் சாயங்கால மிக்சரை நிறுத்துவேன். ஐம்பது கிராமில் 250 கிலோகலோரிக்குக் குறையாது. அது ஒன்றே மாதத்துக்கு ஒரு கிலோ வரை வரும், காகிதத்தில். உடம்பு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், முக்கால் கிலோ என்று வை. போனில் பேசும்போது உட்காராதே. உன் தங்கையோடு பேசும் நேரத்துக்குப் பேரூர் வரையே நடந்து போய்விடலாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார். தசை வளர்ந்தால் மெட்டபாலிசம் பறக்கும் என்று ஜிம்காரர்கள் சொல்வதை நம்பாதே, ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் நாளைக்கு 13 கிலோகலோரிதான் கேட்கும். ஆனால் சாப்பிட்ட பிறகு ரத்தத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்வது தசைதான். உன் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, நாலு கிலோ என்று எதை வைத்து முடிவு செய்தாய்? டெய்லரிடம் இருக்கும் டேப்பை வாங்கி இடுப்பைச் சுற்றி அளந்து பார். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கான எடை இருவருக்கும் ஒன்று, பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2. தராசு இதையெல்லாம் சொல்லாது. பட்டுப்புடவைக்கும் உன் கிலோ தெரியாது, இடுப்புதான் தெரியும்.

கல்யாணப் பத்திரிகை அடித்ததும் முதலில் எனக்கு அனுப்பு. நாங்கள் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுவோம், சமையல்கட்டுப் பக்கம் எனக்கு ஒரு வேலை கொடு. அப்புறம், விஜயாவின் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? அவளையும் கூப்பிடு. இன்னும் காலை ஆட்டுகிறாளா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கமலா