மலைமேல் விளக்குத் தெரிந்தது

சிவமயம்

காரைக்குடி,
மாசி 9

மாப்ளே,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பினாங்கு போய்வந்தவன் வாட்ஸ்அப்பில் நாலு படத்தைத் தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாய், உட்கார்ந்து ஒழுங்காக எழுது என்று திட்டியிருந்தாய். நியாயமான திட்டுதான். கடைசிப் படத்தில் நான் கடற்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது. அங்கே இறங்கிச் சேர என் முழங்கால் பட்ட பாடு தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன். ஆபரேஷன் செய்த காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு படி.

ஊர்ச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊருணி இன்னும் முக்கால் அளவு நிற்கிறது. பெரிய வீட்டில் இரண்டாங்கட்டு ஓடு மாற்றும் வேலை தொடங்கியாயிற்று. பதினான்கு குடும்பப் புள்ளியில் பதின்மூன்று புள்ளி பங்குப்பணம் கொடுத்துவிட்டது. கொடுக்காதது யார் என்று உனக்கே தெரியும், எழுதி மையை வீணாக்கமாட்டேன். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்கு இல்லை.

பினாங்கு போனது தைப்பூசத்துக்காக. மகன் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருக்கிறான் அல்லவா, அவன் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிற கூட்டத்தை இந்த ஒரு வருஷம் விட்டுவிட்டோமே என்று எனக்குக் குறைதான். ஆனால் பினாங்குத் தெருவில் கோயில் வீட்டு வாசலில் வெள்ளி ரதம் புறப்பட்டபோது அந்தக் குறை பாதி தீர்ந்தது. நம் காரைக்குடியில் செய்து கப்பலில் அனுப்பிய ரதம். மாடு இழுக்க, வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறார்கள். ஒன்று இரண்டு அல்ல, மலைமலையாக. சீனர்களும் வரிசையில் நின்று உடைக்கிறார்கள். முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைக்குப் போய்ச் சேர ராத்திரி ஆகிவிட்டது. இதைப் பற்றி நீயே நிறையப் படித்திருப்பாய், விடு.

நான் சொல்ல வந்தது நாலு நாள் கழித்து நடந்தது. மகன், "அப்பச்சி, பழனிக்கு நடக்கிற ஆள் நீங்கள், ஒரு காட்டுப்பாதை கூட்டிப் போகிறேன், இறங்கினால் ஆள் இல்லாத கடற்கரை" என்றான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நடப்பது வேறு, இறங்குவது வேறு என்று அப்போது தோன்றவில்லை.

இடம் தீவின் வடமேற்கு மூலை. தெலுக் பகாங் என்று ஒரு மீன்பிடி ஊர், பஸ் அதோடு சரி, காட்டுப் பக்கம் அதற்கு மேல் ரோடு கிடையாது. அங்கிருந்து காடு. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று என்று அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மூரில் சின்னதாக இருப்பதை யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? வாசலில் பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று பார்க்கத்தான்.

முதல் கால்மணி நேரம் கடலை ஒட்டிய சிமெண்டுப் பாதை. நான் அலட்சியமாகக் கையை வீசிக்கொண்டு நடந்தேன். ஓர் ஓடையின் மேல் ஆடுகிற பாலம், அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் கரையோரமாகப் போனால் குரங்குக் கடற்கரை, அதற்கும் அப்பால் கலங்கரை விளக்கம். இடப்பக்கம் மலையைக் குறுக்காகத் தாண்டி மேற்குக் கரைக்கு, கெராச்சுட் என்ற கடற்கரைக்கு. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. நம்ம ஆட்கள் காலைக் கஞ்சிக்கு முன்னால் நடக்கிற தூரம்தானே என்று நினைத்தேன்.

மாப்ளே, நம்மூர் வெயில் தோலைச் சுடும், அவ்வளவுதான். நிழலுக்குப் போனால் விட்டுவிடும். அந்தக் காட்டில் வெயிலே தரையில் படவில்லை, ஆனால் காற்றும் இல்லை. உடம்பை ஈரத்துணி மாதிரிப் பிழிகிறது. பத்து நிமிஷத்தில் பனியன், சட்டை, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட. ஆமாம், வேட்டிதான் கட்டிப் போனேன். மகன் பேன்ட் வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னான். மடித்துக் கட்டிய வேட்டிக்கு நிகரான மலையேறும் உடுப்பு கிடையாது என்பது என் கட்சி. உன் கட்சியும் அதுதான் என்று நம்புகிறேன்.

ஏற்றத்தில் எனக்குக் கஷ்டம் இல்லை. மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். மரத்து வேர்களே படியாக இருக்கின்றன. நம் பிரான்மலையில் பாறையைப் பிடித்து ஏறுவது போல இங்கே வேரைப் பிடித்து ஏற வேண்டும். வழியில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஒரு ஜாதிக் குரங்கு, நம் வட்டிக்கடைப் பெட்டியடியில் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை மாதிரியே இருந்தது. அதன் குட்டி மட்டும் மஞ்சள் நிறம்! தாய் கறுப்பு, குட்டி தங்கம். பேரன் அங்கேயே நின்றுவிட்டான், இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

முகட்டைத் தாண்டியதும்தான் என் வாய் அடங்கியது. அந்தப் பக்கம் மலை அப்படியே சரிகிறது. சில இடத்தில் படி கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் நம் வீட்டு முகப்புப் படியைப் போல ஒன்றரைப் பங்கு உயரம். சில இடத்தில் வெறும் மண்ணும் வேரும். முதல்நாள் பெய்த மழையில் சிவப்பு மண் வழுக்கியது. ஏறும்போது உடம்பைத் தூக்குகிறோம். இறங்கும்போது விழப் பார்க்கிற உடம்பை ஒவ்வொரு அடியிலும் தொடை பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மறுநாள் வலி தொடையிலும் முழங்காலிலும்தான், கெண்டைக்காலில் இல்லை. பாதி இறக்கத்தில் என் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. நாம் முதல் தடவை பழனிக்கு நடந்தபோது நத்தம் தாண்டி ஒரு பெரியவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சரிவில் நேராக இறங்காதே, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கு, காலைக் குறுக்கே வை என்றாரே. அன்றைக்குச் சிரித்தோம். இங்கே ஒரு கம்பை ஒடித்து வைத்துக்கொண்டு நண்டு மாதிரியேதான் இறங்கினேன். ஒருமுறை வேரில் தடுக்கிப் பின்பக்கமாக உட்கார்ந்தும் விட்டேன். அடி ஒன்றும் இல்லை. வேட்டி மட்டும் இன்னும் செம்மண் போகவில்லை. சலவைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, கடல் தெரியமாட்டேன் என்கிறது. கடைசி வளைவில் காடு சட்டென்று முடிந்தது. முதலில் கண்ணில் பட்டது கடல் இல்லை, ஒரு ஏரி. அதன் குறுக்கே பாலம். மழைக்காலத்தில் மலைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் இதில் சேருமாம், ஆனால் கலக்காதாம். உப்புத் தண்ணீர் கனம், கீழே தங்கிவிடும். நல்ல தண்ணீர் மேலே நிற்கும். கீழ்த்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் மேல்தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று மகன் சொன்னான். ஒரே வளவில் இருந்துகொண்டு தனித்தனி உலை வைக்கிற பங்காளிகள் மாதிரி என்றேன், உன் தங்கச்சி இல்லாத தைரியத்தில். நாங்கள் போன சமயம் அதில் தண்ணீரே இல்லை. வெடித்த சேறு, நடுவில் கொஞ்சம் ஈரம், ஓர் உடும்பு. சித்திரை மாதத்து ஊருணி போல இருந்தது. அவ்வளவு தூரம் போயும் நம்மூர்தானா என்று தோன்றியது.

அப்புறம் கடற்கரை. பிறை போல வளைந்த மணல், இரண்டு பக்கமும் காடு கடல் வரைக்கும் வந்து நிற்கிறது. எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர். குளிக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். சொறிமீன் கடிக்கும், நீரோட்டமும் மோசம். கரையோரமாக முழங்கால் வரைக்கும் நனைத்துக்கொண்டேன், அதற்கே அந்த நடை தகும்.

ஒரு மூலையில் ஆமைக்குஞ்சு பொரிக்கும் இடம். பேராமை சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் இங்கே ஏறி முட்டையிடுகிறது. நம் கரையில் பங்குனி ஆமை என்கிறோமே, அதுவும் வருகிறது, ஆனால் இங்கே புரட்டாசியிலிருந்து மாசி வரை. அங்கே போய்ப் பங்குனி என்று பேர் சொன்னால் யாருக்குப் புரியும்! முட்டைகளைத் தோண்டியெடுத்து வேலிக்குள் புதைத்துக் காவல் காக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண். பேரன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம காரைக்குடியில் எல்லாமே பெண் ஆமைதான் ஐயா" என்றான். நாலாம் வகுப்புதான் படிக்கிறான்.

உன் தங்கச்சியும் மருமகளும் கட்டுச்சோற்றோடு படகில் வந்து சேர்ந்தார்கள். புத்திசாலிகள். புளிச்சோறும் வடகமும் சாப்பிட்டோம். தேன்குழல் இருந்த சம்படத்தை ஒரு குரங்கு மூடியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊரிலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுபோன தேன்குழல் மாப்ளே. அவள் இன்னும் அந்தக் குரங்கை விடவில்லை, நேற்றுகூடத் திட்டினாள்.

சாப்பிட்டு முடித்தபோது மகன் கேட்டான்: "பெரிய ஐயா இங்கே வந்திருப்பாரா?"

என் ஐயாவை, அப்பச்சியின் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். 1928-இல், பதினாலு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பெட்டியடிப் பையனாகப் பினாங்கு போனவர். பிறகு கடை ஏஜெண்டுக்கு உதவியாக அடுத்தாள். மும்மூன்று வருஷமாக மூன்று கணக்கு முடித்து, யுத்தத்துக்கு முன்னால் திரும்பிவிட்டார். ஒன்பது வருஷம் ஒரு தீவில் இருந்த மனிதர், எங்களுக்குக் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம்மாட்கள் கடை வைத்துத் தங்கிய கிட்டங்கி, வட்டி, கணக்கு, எண்ணெய்க் குளியல், தண்ணீர்மலை. அவ்வளவுதான் அவர் பினாங்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலுக்குத் தப்பி வந்தவர்கள் நாம், அதனால்தான் வீட்டைத் தளம் உயர்த்திக் கட்டுகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பயமோ என்னவோ. இல்லை, கடல் அவருக்குத் தாண்டுவதற்கு மட்டும்தானோ. வந்திருக்கமாட்டார் என்று மகனிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் யார் வேலையை விட்டுவிட்டு மலையேறி மணல் பார்க்கப் போவார்கள்?

திரும்பும்போது நானும் படகில்தான் ஏறினேன். வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த இறக்கத்தை மறுபடி ஏற்றமாகப் பார்க்க என் தொடை சம்மதிக்கவில்லை. மகனும் பேரனும் நடந்து போனார்கள். படகு வடக்கே போய்த் தீவின் மூக்கைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும். அந்த மூக்கில், மலை உச்சியில், மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோபுரம். படகுக்காரர் கையைக் காட்டினார். முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883-இல் கட்டியது. மேற்கேயிருந்து வருகிற கப்பலுக்கு வழிகாட்ட வைத்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி ஞாபகம் வந்தது. ஐயா போய்ச் சேர்ந்ததும் தன் ஆத்தாளுக்கு எழுதிய முதல் கடிதம் பெரிய வீட்டுப் பெட்டகத்தில் இருந்ததே, அதை நீதானே எனக்கு ஒருமுறை படித்துக் காட்டினாய்? சேமம், சாப்பாடு, செட்டியார் சொன்னது என்று வரிசையாக எழுதிவிட்டு நடுவில், "ஆறாம் நாள் ராத்திரி மலைமேல் விளக்குத் தெரிந்தது" என்று ஒரு வரி. கார்த்திகை விளக்கு போல ஏதோ கோயில் விளக்கு என்று நாம் நினைத்தோம். வங்காள விரிகுடாவிலிருந்து வருகிற கப்பல் பினாங்கைத் தொடுவது இந்த மூலையில்தான். பதினாலு வயதுப் பையன் இருட்டில் கப்பல் தளத்தில் நின்று பார்த்த முதல் பினாங்கு இந்த மலைதான், மாப்ளே. நான் வேட்டியைச் சேறாக்கிக்கொண்டு இறங்கிய அதே காட்டு மலை. பினாங்குத் தெருவும் கிட்டங்கியும் அதற்கு அப்புறம்தான்.

ஊருக்கு வந்ததும் பெட்டகத்தைத் திறந்தேன். கறையான் கொஞ்சம் அரித்திருக்கிறது. அந்தக் கடிதம் தப்பியிருக்கிறது, அதோடு இன்னும் பதினேழு இருக்கின்றன. எனக்கு அந்தக் கையெழுத்தும் பழைய எண்ணும் ஓடவில்லை. மாகாணியும் முந்திரியும் கலந்து கிடக்கிறது. ஒன்றில் "படகு" என்று ஒரு சொல் தெரிகிறது, அடுத்த வரி மடிப்பில் கிழிந்திருக்கிறது. உங்கள் அப்பா கணக்கெழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நீ, உன் கண்தான் வேண்டும். டாக்டர் பஸ்ஸில் உட்கார விட்டதும் புறப்பட்டு வா. பட்டாலையில் கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன், படி ஏற வேண்டாம். பூதக்கண்ணாடியை மறக்காதே, இங்கே இருந்ததைப் பேரன் போன லீவில் உடைத்துவிட்டான்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்