செட்டியார் தெருவில் துவக்கோடு நடக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் பெயரை எழுதவில்லை, கடையின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் யாருடைய இடுப்பில் துவக்கு, அதுதான் கைத்துப்பாக்கி, இருக்கிறது என்று ஊருக்கே நான் பறையடித்ததாகிவிடும். நேரில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்று போனைத் தடவிக்கொண்டிருப்பாய். தவிர, உன்னைப் போல இன்னும் நாலைந்து பேர் அந்தத் தெருவிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை தேத்தண்ணிக் கடையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீ வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். சரி, அதை விடு, வேறு இடம் இருக்கவில்லை. ஆனால் ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் முடிவதற்குள் வலது முழங்கையால் இடுப்பை எத்தனை தரம் அழுத்திப் பார்த்தாய் தெரியுமா? பதினொரு தரம். நான் எண்ணினேன். அழுத்தும் ஒவ்வொரு தரமும் சேட்டின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டாய். வடைத் தட்டோடு வந்த பெடியனே ஒருதரம் உன் இடுப்பைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

அதே பத்து நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கடை வாசலை மூன்று தரம் தாண்டிப் போனது. இரண்டு பேர். இருவருக்கும் முகம் மூடிய ஹெல்மட். பின்னால் இருந்தவனின் மடியில் கறுப்புப் பை. மூன்றாவது தரம் வேகத்தைக் குறைத்து உன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்பில் துவக்குச் சூடு என்று செய்தி வந்தால் பல தரம் இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது என்பது உனக்கும் தெரியும். நீ அவர்களைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டாவது தரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாய்.

உன்னை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. போன வருஷம் வரை நீ அப்படி இல்லை. கடை பூட்டும் நேரம் மூலையில் யார் நிற்கிறான், எந்த வான் புதிதாக நிற்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பாய். வெறுங்கையோடு நின்றதால் கண்ணைத் திறந்து வைத்திருந்தாய். இப்போது பூட்டைப் போட்டதும் சேட்டை இழுத்துவிட்டு நேரே வாகனத்துக்குப் போகிறாய். பார்க்கிற வேலையை இடுப்பில் இருப்பதிடம் ஒப்படைத்துவிட்டாய்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எனக்கும் ஏழு வருஷம் ஒரு ரிவோல்வர் இருந்தது. உனக்கு அப்போது நாலு வயது, ஞாபகம் இருக்காது. முதல் ஒரு மாதம் தெருவில் நடக்கும்போது எல்லோரும் என் இடுப்பையே பார்க்கிறார்கள் போல இருக்கும். பிறகு பழகிவிடும். பழகின பிறகுதான் ஆபத்து. வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். கழிவறையில் வேட்டியை அவிழ்க்க வேண்டியிருந்ததால் ரிவோல்வரை உறையோடு எடுத்து தண்ணித் தாங்கியின் மேல் வைத்தேன். வெளியே வந்தேன், கை கழுவினேன், பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் வரும்போதுதான் இடுப்பு லேசாக இருப்பது உறைத்தது. எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே, கை கழுவும் தொட்டியில், ஏழெட்டு வயதுப் பெடியன் ஒருவன் சவர்க்கார நுரையில் விளையாடிக்கொண்டிருந்தான். அவன் உள்ளே போனானா, வந்தானா, இனித்தான் போகப் போகிறானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தரம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது புதுப்பிக்காமல் ஒப்படைத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் என்று ஒருவர் இருந்தார். மரைன் படையில் இருந்தவர், 1976இல் அரிசோனாவில் கைத்துப்பாக்கிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். மனசின் நிலையை நாலு நிறமாகப் பிரித்துச் சொன்னார். வெள்ளை என்றால் சுற்றி என்ன நடக்கிறது என்றே தெரியாத நிலை. மஞ்சள் என்றால் பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது. ஏதோ ஒன்று குறிப்பாகக் கண்ணில் பட்டால் செம்மஞ்சள். சண்டைக்கு மனசு ஆயத்தமாகிவிட்டால் சிவப்பு. அங்கே இதைப் பலபேர் ஆபத்தின் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை, நான் சொல்வது உன் மண்டைக்குள் இருக்கும் நிலையை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தெரு அமைதியாக இருந்தாலும் நீ மஞ்சளில் இருக்கலாம். தெருவில் கொலை விழும்போதும் நீ வெள்ளையில் இருக்கலாம். போன செவ்வாய் நீ வெள்ளையில்தான் இருந்தாய்.

அந்த மோட்டார் சைக்கிள்காரர் நாலாவது தரம் வந்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போனேன். நீ பில் கொடுத்துக்கொண்டிருந்தாய். "யாரைத் தேடுறீங்கள்?" என்று கேட்டேன். பின்னால் இருந்தவன் ஹெல்மட்டைக் கழற்றினான். நீர்கொழும்பிலிருந்து வந்த பெடியன்கள், பையில் வளையல் அச்சு, பட்டறை எந்த ஒழுங்கையில் என்று தெரியவில்லை. வழி காட்டினேன். செம்மஞ்சளிலிருந்து மஞ்சளுக்கு வந்தேன், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டதோடு முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க முதலில் அவர்களைக் கண்டிருக்க வேண்டும். உண்மையில் கெட்ட எண்ணத்தோடு வந்தவனாக இருந்தாலும், ஒருவன் தன்னைக் கண்டுகொண்டான், முகத்தைப் பார்த்துவிட்டான் என்றால் பெரும்பாலும் வேறு நாள் பார்க்கலாம் என்று போய்விடுவான். துவக்கு அவனுக்குத் தெரியவே தெரியாது. மறைத்துத்தானே வைத்திருக்கிறாய்? தெரியாத ஒன்றுக்கு அவன் எப்படிப் பயப்படுவான்?

இன்னொரு கணக்கு. 1983இல் சோல்ட் லேக் சிட்டி பொலிஸில் இருந்த டெனிஸ் டூலர் என்பவர் எழுதியது. கத்தியோடு ஓடிவரும் சாதாரண ஆள் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். பழகின கைக்கும் உறையிலிருந்து எடுத்துச் சுட ஏறக்குறைய அதே ஒன்றரை வினாடி. சேட்டுக்கு அடியில் மறைத்து வைத்திருப்பவனுக்கு இன்னும் கூடும், சேட் ஓரம் சிக்கினால் கதை முடிந்தது. புதன்கிழமை நீ இல்லாத நேரம் உன் கடைக்குப் போய் அளவு நாடா பிடித்தேன். கண்ணாடிக் கதவிலிருந்து நீ உட்காரும் கதிரை பதினாலு அடி. உன் வேலைக்காரப் பெடியன் நான் கடையை வாங்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

ஆக, பதினாலு அடியில் உன் பிஸ்டல் செய்வதைவிடக் கதவில் இருக்கும் மணியும், உள்ளிருந்து அழுத்தித் திறக்கும் பூட்டும், வெளியே நிற்பவன் முகம் உனக்குத் தெரியும்படி கதிரையைத் திருப்பிப் போடுவதும் கூடச் செய்யும். கதவுக்குப் பின்னால் தெரு. மத்தியானம் அந்தத் தெருவில் ஓட்டோவும் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் தள்ளுவண்டியும் நகை பார்க்க வந்த குடும்பங்களும் தோளோடு தோள் இடித்துத்தான் போகும். துவக்கைப் பத்திரமாகக் கையாளக் கூப்பர் சொன்ன நாலு விதிகளில் கடைசி விதி, குறியையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் நிச்சயமாகத் தெரிந்துகொள் என்பது. செட்டியார் தெருவில் பின்னால் ஆள் இல்லாத திசை எது என்று நீயே ஒருநாள் நின்று பார்.

சட்டத்தையும் ஒருதரம் வாசித்துவிடு. துவக்கு வைத்திருக்கும் அனுமதி இன்றும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. 2024 நவம்பரில் தற்காப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது நீ எவ்வளவு கொதித்தாய்! அது உன் சொத்து இல்லை, தந்தவர்கள் திருப்பிக் கேட்கலாம் என்பதை அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். அப்புறம் தண்டனைச் சட்டக்கோவை, 89ஆம் பிரிவிலிருந்து 99 வரை. தற்காப்பு உரிமை இருக்கிறது, ஆனால் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்று 92இல் இருக்கிறது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று உன் லோயரிடம் காசு கொடுத்துக் கேள். அது நல்ல செலவு.

புதுக்கடை என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 பெப்ரவரி 19, அங்கே நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றார்களே. சுட்டவன் சட்டத்தரணி போல உடுத்தி வந்தான், ரிவோல்வர் வந்தது உள்ளே குடைந்தெடுத்த புத்தகத்துக்குள். சுற்றிலும் பொலிஸும் துவக்கும்தான். எல்லோரும் கறுப்புக் கோட்டைப் பார்த்தார்கள். நீ ஆட்களைப் பார்க்கும்போது உடுப்பைப் பார்க்காதே, கையைப் பார். கை எங்கே இருக்கிறது, எதைப் பிடித்திருக்கிறது, ஏன் ஒரு கை மட்டும் அசையவில்லை என்று பார்.

இதெல்லாம் எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்த காலத்தில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைச் சேட் பையிலிருந்து எடுக்கும்போதுகூட மெதுவாக, இரண்டு விரலால் எடுக்கப் பழகினோம். கை வேகமாகப் போனால் எதிரே நிற்பவன் என்ன நினைப்பான் என்று எப்போதும் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் உனக்கு இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் வளர்ந்தாய், சந்தோஷம். ஆனால் இப்போது தேவை. இரவில் பொலிஸார் உன் வாகனத்தை மறித்தால் முதலில் உள் லைட்டைப் போடு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வை. அனுமதி உள்ள பிஸ்டல் இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது, பத்திரம் எங்கே இருக்கிறது என்று வாயால் சொல். அந்த மூன்று வசனத்தையும் சிங்களத்தில் தடுமாறாமல் சொல்லப் பழகு. எடுத்துக் காட்டுகிறேன் என்று கையைக் கீழே கொண்டுபோகாதே. கடையில் ஏதும் நடந்து 119க்கு அடித்தாலும் அப்படித்தான். வருகிற பொலிஸுக்கு நீ முதலாளி என்று தெரியாது, கையில் துவக்கோடு ஒரு ஆள் நிற்கிறான் என்பது மட்டும்தான் தெரியும்.

இனி நான் உண்மையில் கோபப்பட்ட விஷயம். கதிரேசன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வருகிறாய். சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் மேலோடு வேட்டியில் பிஸ்டலை எங்கே வைப்பாய் என்று நான் இரண்டு வாரமாக யோசித்தேன். கேட்டால், காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் என்கிறாய். கார் நிற்பது ஒழுங்கையில். பெட்டிக்குப் பூட்டு இல்லை. கண்ணாடியை உடைக்க ஒரு ஸ்பார்க் பிளக் போதும், மருமகனே. காரில் வைத்த துவக்குகள் களவு போவது அமெரிக்காவிலேயே பெரிய தலைவலி, அங்கே கடையில் வாங்கலாம் என்ற நிலையிலும். இங்கே ஒரு பிஸ்டல் களவு போனால் அது யார் கைக்குப் போகும் என்று நினைத்துப் பார். ஆடிவேல் திருவிழாவுக்கு ரதத்தோடு பம்பலப்பிட்டிவரை நடக்கப் போகிறேன் என்றும் அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். அந்தச் சனத்துக்குள், முதுகில் பத்துப் பேர் உரசிக்கொண்டு வரும்போது, அதைக் கொண்டுபோகாதே. அன்றைக்கு லொக்கரில் இருக்கட்டும்.

உறை ஒன்றையும் மாற்று. துணி உறை வேண்டாம், விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை வாங்கு. சேட் ஒரு அளவு பெரிதாகப் போடு, கட்டம்போட்டதாக இருந்தால் புடைப்பு தெரியாது. கொழும்பு வெயிலில் அந்த வெள்ளை மெல்லிய சேட் வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது, பிஸ்டலின் பிடி ரப்பர் பொறிப்போடு தெரிகிறது. இரண்டு நாள் வெறும் வீட்டில், ரவை (தோட்டா) இல்லாமல், இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழும்பிப் பழகினால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் குறையும். பார்ட்டிக்குப் போகிற நாளில் கட்டவே கட்டாதே. ஒரு பியர்தானே என்று என்னிடம் கதை விடாதே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குக் கடைக்கு வருகிறேன். நீ அதை லொக்கரில் வைத்துப் பூட்டுவதை நான் பார்க்க வேண்டும். பிறகு கோயிலுக்கு நடந்தே போவோம், போகிற வழியில் என்னென்ன கண்டாய் என்று திரும்பி வந்து கேட்பேன். அளவு நாடாவும் கொண்டுவருகிறேன், கதிரையை எங்கே தள்ளலாம் என்று பார்ப்போம். அக்காவுக்கு மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அவ இணையம் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் கலியாண மண்டபக் கதையை எழுதினேன்.

அன்புடன்,
மாமா