விளையாட்டு அறிவியலாளர்களே, அந்தக் கேள்வியைக் கேளுங்கள்

அணிகளிலும் விளையாட்டு விடுதிகளிலும் பணியாற்றும் விளையாட்டு அறிவியலாளர்களுக்கு வணக்கம்.

பதினேழு வயதில் நான் 5000 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். பீரியட்ஸ் நின்று பதினோரு மாதம் ஆகியிருந்தது. "ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்டி" என்றார்கள் விடுதி அக்காக்கள். தொல்லை விட்டது என்று நானும் இருந்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ஷூவை மாற்றச் சொன்னார்கள். இதயத் துடிப்பு, லாக்டேட், ஹீமோகுளோபின் எல்லாம் அளந்தார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்குச் செலவானது போக, அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 45 கிலோகலோரி மிஞ்ச வேண்டும். அதுவே 1890. பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் இன்னொரு 750. நானோ விடியற்காலை வெறும் வயிற்றில் ஓடிவிட்டு வந்து, நாலு இட்லியோடு கை கழுவிவிடுவேன். எடை குறைந்தால் டைமிங் வரும் என்பது கோச் சார் சொன்ன வேதவாக்கு. அந்த மிச்சம் கிலோவுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே போய் நாள்பட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது; ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது. பையன்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். அவர்களுக்கு மாதாமாதம் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டு வீரர்களுக்கு வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்துவிட்டது. 2023-இல் வந்த மதிப்பீட்டு முறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஆபத்தைப் பிரித்தே காட்டுகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் உடல் கொழுப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் அளக்க வேண்டாம் என்ற அறிவுரையும் அப்போதே வந்தது. ஆனாலும் எல்லோர் முன்னாலும் பிள்ளைகளை எடை மெஷினில் ஏற்றி எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நோயென்று முடிவு செய்வது மருத்துவரின் வேலைதான். ஆனால் அவர் எப்போதாவது வருகிறவர். நீங்கள் தினமும் பக்கத்தில் நிற்கிறீர்கள். தினசரிப் பதிவில் மாதவிடாய்க்கும் சாப்பாட்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். பெண் ஒருவர் தனியாகக் கேட்கட்டும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடமும் உணவு நிபுணரிடமும் அழைத்துப் போங்கள். பயிற்சியைக் குறைக்கச் சொன்னால் கோச் முகம் சுளிப்பார், மாநிலப் போட்டி நெருங்குகிறது என்பார். உங்களில் பலர் ஒப்பந்த வேலையில் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே எண்களைக் காட்டிப் பேச முடிந்தவர்கள் நீங்கள்தான்.

நாளைக் காலை ஐந்தரைக்கு டிராக்குக்குப் போகும்போது ஸ்டாப்வாட்சோடு இரண்டு சீப்பு வாழைப்பழமும் எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஓட்டக்காரி